கயிற்றுக்கு ஒரு பட்டை

இல்லை, இருங்கள், ஊர் கூடுகிற மந்தையில் ருக்குமணி இரண்டாம் தடவை முன்னால் வந்து நின்றதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தக் கயிறு. அது புரியாவிட்டால் அவள் செய்தது எதுவுமே புரியாது.

கொல்லிமலை, பெரக்கரை நாடு. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறச் சாலை கிடையாது, தலைச்சுமையோடு நடைதான். ருக்குமணியின் ஊரில் வயல் கொஞ்சம், மற்றதெல்லாம் கொத்துக்காடு. ஏர் நிற்காத சரிவு அது. கொத்தால் கிளறிச் சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். அந்தச் சரிவு தனியாக யாருக்கும் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம். ஒவ்வொரு சித்திரையிலும் ஊர்க்கவுண்டர் குப்புசாமி மூங்கில் கழியோடு போய் அதைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கொடுப்பார். எந்தக் கணக்கில் என்கிறீர்களா? அரைஞாண் கயிற்றுக் கணக்கில்! ஆணோ பெண்ணோ, மூன்றாம் மாதம் கோயிலில் வைத்து இடுப்பில் கயிறு கட்டிய பிள்ளைக்கு ஒரு பட்டை. இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பட்டை. ஆறு என்றால் ஆறு.

சிரிக்காதீர்கள். முன்பு அது நியாயமான கணக்கு. அம்மை வந்து பாதிப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில் மலை அகலமாகவும் கைகள் குறைவாகவும் இருந்தன. ஒரு சரிவை இரண்டு வருடம் கொத்துவார்கள். பிறகு அதை விட்டுவிடுவார்கள். மரம் முளைத்து, சருகு மக்கி, மண் மறுபடி கறுத்த பிறகுதான் அங்கே திரும்புவார்கள். அப்புறம் அம்மை குத்துகிறவர்கள் மலையேறி வந்தார்கள். பிள்ளைகள் பிழைத்தன. எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் அதே காலத்தில்தான் மலையைச் சுற்றிச் சர்க்கார் காட்டுக் கல்லும் நட்டார்கள். கல்லுக்கு அப்பால் கொத்து படக்கூடாது. உள்ளே வாய்கள் பெருகின, கல் அசையவில்லை. விட்டுவைத்த சரிவுகளை எல்லாம் வருடா வருடம் கொத்த வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம். மேலே மண் ஆழம், கீழே பாறை. யாருக்கும் மோசம் வரக்கூடாது என்று பட்டைகளை உச்சியிலிருந்து அடிவாரம் வரை நெட்டுக்குத்தாகக் கிழிப்பார்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கோடு, கொத்தால் இழுத்த சின்னப் பள்ளம். கயிறுகள் கூடக் கூடக் கோடுகளும் கூடின. ஐப்பசி மழை வந்தால் கோடு ஒவ்வொன்றும் ஓடை. நியாயமாகப் பிரிக்கப் பிரிக்க மண் கீழே போய்க்கொண்டே இருந்தது.

இப்போது ருக்குமணி.

அவளுக்கு மூன்று பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். மூத்தவள் அத்தாயி. நான்காவது பிரசவத்தில் குழந்தை செத்தே பிறந்தது. அவளும் போயிருப்பாள், மருத்துவச்சி சென்னம்மாள்தான் அடிவயிற்றில் முழங்கையை ஊன்றி ரத்தத்தை நிறுத்தினாள். மறுநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏ கண்ணு, இந்தத் தடவ உன்ன எப்படியோ இழுத்துப் போட்டுட்டேன். அடுத்த தடவ என்ர கையில ஒண்ணுமில்ல. உனக்கு ரத்தம் நிக்க மாட்டீங்குது."

"மறுபடி உண்டாகாம இருக்க மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?"

"இருக்குதே. பரண்."

அந்த நிலையிலும் ருக்குமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பெல்லாம் கதிர் பிடிக்கும் காலத்தில் ஆண்கள் காட்டிலேதான் படுப்பார்கள். நான்கு கால் நட்டுப் பரண் கட்டி, தீ மூட்டி, காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள். இப்போது காடும் இல்லை, பன்றியும் இல்லை. பரணுக்கும் வேலை இல்லை.

"பன்னி இருந்த வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தி ஒண்ணு பெத்தா, அடுத்ததுக்கு மூணு வருசம் ஆகும்" என்றாள் சென்னம்மாள். "பன்னிய ஒழிச்சீங்க, இப்ப வருசம் தவறாமப் பெக்கறீங்க. எனக்குக் கை கழுவ நேரமில்ல. உம்புருசன்கிட்டச் சொல்லு, போயி ரெண்டு பன்னி புடிச்சுட்டு வரட்டும்."

வாசலில் காளியண்ணன் காட்டுக்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தான். சாமை தீர்ந்தால் கிழங்குதான். கத்தி நின்றது.

"ஏனுங்க, அக்கா சொன்னது கேட்டுச்சுங்களா?" என்றாள் ருக்குமணி.

"கேட்டுச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

அவன் கிழங்கையே பார்த்தான். கெட்டவன் இல்லை, சாப்பாட்டுக்குக் கடைசியாக உட்காருகிறவன், சட்டியில் மிஞ்சியதைத் தின்கிறவன். "உங்கண்ணன் ராசப்பனுக்கு ஆறு கயிறு. நமக்கு மூணு. நம்ம பட்டையில சாமை தைக்கு முன்னாடியே தீந்துருது. இன்னொரு கயிறு இருந்தா இன்னொரு பட்டை."

"இன்னொரு வயிறும் வருமுங்களே?"

"அது ரெண்டு வருசம் உன்ர பாலத்தான குடிக்கப்போகுது? மூணாம் மாசம் கயிறு கட்டுனா வர்ற சித்திரைக்கே பட்டை வந்துருமே."

பார்த்தீர்களா! இதுதான் அந்த ஊரே போட்ட கணக்கு. குழந்தை தின்பதற்கு முன்னால் நிலம் வந்துவிடும். நிலம் வந்ததும் மூத்ததுகளின் பசி ஆறும். சின்னது தின்ன ஆரம்பிக்கும்போது? அடுத்தது பிறந்து அதன் பட்டை வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு சரிதான். எல்லா வீடும் சேர்ந்து போட்டால் பட்டை மெலியும், அவ்வளவுதான்.

"ஏ காளியண்ணா" என்றாள் சென்னம்மாள், "பால் குடுக்கறதுக்கு அவ உசுரோட இருக்கோணும்டா."

கத்தி மறுபடி கிழங்கில் இறங்கியது. அவனைக் குறை சொல்லி என்ன பயன் என்று ருக்குமணி நினைத்தாள். கயிற்றை எண்ணுகிற வரைக்கும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அவன் கேட்பான், கேட்டுத்தான் ஆக வேண்டும். மாற்ற வேண்டியது அவனை இல்லை, எண்ணிக்கையை.

சித்திரையில் மந்தை கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் கோயில் மதிலுக்குப் பின்னால். குப்புசாமி கழியை ஊன்றி எழுந்தார். போன வருடம் கழி அகலம் இருந்த பட்டை இந்த வருடம் முக்கால் கழிதான் என்றார். சத்தம் கிளம்பியது. அப்போது ருக்குமணி மதிலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

"ஏனுங்க ஊர்க்கவுண்டரே, ஒரு வார்த்தை பேசலாமுங்களா?"

"பாருங்கடா, தங்கச்சிக்குப் பால் கட்டிப்போச்சு, பேச்சு ஊறிப்போச்சு" என்றான் அவள் அண்ணன் ராசப்பன். சிலர் சிரித்தார்கள்.

"ஆமாங்கண்ணா. உங்க ஊட்டுல ஆறு கயிறு, ஒரே சட்டி கஞ்சி. அண்ணி சட்டிய வழிக்கற சத்தம் எங்க ஊடு வரைக்கும் கேக்குது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். குப்புசாமி கையமர்த்தினார். "சொல்லு அம்மிணி."

"போன மழையில மண்ணு எந்த வழியா எறங்குச்சுங்க? நம்ம கோடு வழியாத்தானுங்க. ஒரு கயிறு கட்டுனா ஒரு கோடு. ஒரு கோடு இழுத்தா ஒரு ஓடை. நாங்க பெத்துப் பெத்து மலையைக் கரைக்கறோம். கயித்த எண்ணாதீங்க. அடுப்ப எண்ணுங்க. ஆறு புள்ளை இருந்தாலும் ஒரு அடுப்பு, ஒண்ணு இருந்தாலும் ஒரு அடுப்பு. எல்லாத்துக்கும் சமமா, அகலமாக் குடுங்க. கோடும் கொறையும், பெக்கறதும் கொறையும்."

ராசப்பன் குதித்தான். ஆறு கயிறு, ஏழு கயிறு வைத்திருந்தவர்கள் எல்லாம் குதித்தார்கள். ஆனால் இரண்டும் மூன்றும் வைத்திருந்தவர்கள்தான் ஊரில் அதிகம். குப்புசாமிக்கும் கழி தூக்கித் தூக்கித் தோள் வலி. கணவனும் மனைவியும் சேர்ந்து பொங்கும் அடுப்புக்கு ஒரு பட்டை என்று சாமி முன்னால் தீர்ப்பாயிற்று.

அன்றைக்குக் காளியண்ணன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் நடந்தான்.

"எங்கீங்க போறீங்க?"

"பன்னிக் காவலுக்கு" என்றான்.

ருக்குமணி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். அந்த வருடம் கோடுகள் பாதிதான். ஐப்பசி மழையில் மண் பெரும்பாலும் நின்றது. சாமைக்கதிர் கை கனத்துக்கு இருந்தது. பிள்ளை பெற்றவர்களில் மறுபடி மாசமானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "எனக்கு இந்த வருசம் ஒறக்கம் வருதுடி" என்றாள் சென்னம்மாள். ருக்குமணி ஒரே ஒரு வார்த்தையை மாற்றி ஒரு ஊரையே நிமிர்த்திவிட்டாள் என்று நானும் முதலில் இங்கே கதையை முடித்துவிடத்தான் ஆசைப்பட்டேன்.

ஆனால் வைகாசியிலேயே அது தொடங்கிவிட்டது. கல்யாண மேளம்!

அடுப்புக்கு ஒரு பட்டை என்றால், இரண்டு அடுப்புக்கு? மகனுக்குக் கல்யாணம் செய்து, பக்கத்தில் ஒரு குடிசை போட்டு, மூன்று கல்லை வைத்துவிட்டால் முடிந்தது. மீசை அரும்பாத பையன்களுக்கு மாலை விழுந்தது. பெண் கேட்டு ஆலத்தூர் நாடு வரை நடந்தார்கள். அங்கே கிடைக்காதபோது, நேற்றுவரை கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்த பெண்களைச் சொந்த ஊரிலேயே பேசி முடித்தார்கள். முன்பாவது பெண்கள் வளர்ந்து, உடம்பு தேறித்தான் புருஷன் வீடு போவார்கள். இப்போது காத்திருந்தால் பட்டை போய்விடும்.

மாணிக்கத்தின் மகள் பாப்பாத்தி, அத்தாயியின் சேக்காளி, அந்த வைகாசியில் கல்யாணமானவள். பங்குனியில் அவளுக்கு வலி கண்டது. பொழுது சாயும் வரை சென்னம்மாள் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது கையில் குழந்தை இல்லை. வாசலில் நின்ற ருக்குமணியிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"எலும்பு இன்னும் விரியல கண்ணு. புள்ளைக்கு வழியே இல்ல. ரெண்டும் போயிருச்சு."

காரியம் முடிந்த வாரமே ராசப்பன் தங்கை வீட்டுக்கு வந்தான். கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் அவன் மகன் சின்னுசாமி. அத்தாயியைவிட ஒரு வயதுதான் பெரியவன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"மொறை மாப்பிள்ளை இருக்கறப்ப வேற எங்க தேடப்போறே தங்கச்சி? சித்திரைக்கு முன்னாடி முடிச்சுரலாம்."

அத்தாயி கார்த்திகையில்தான் பெரியவளானவள். உள்ளே உரலில் மோதிக்கொண்டிருந்த உலக்கை நின்றுவிட்டது.

"ரெண்டு மூணு வருசம் போகட்டுங்கண்ணா. மாணிக்கத்து மகளப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். எனக்கும் மனசு இருக்குது." ராசப்பன் தட்டைக் கீழே வைத்தான். அவன் கன்னம் குழிந்திருந்தது. முன்பு அப்படி இல்லை. "என்ர ஊட்டுல ஆறு புள்ளைக இருக்கறது நெசம்தான? உன்ர ஒரு வார்த்தைல எனக்கு அஞ்சு பட்டை போச்சு. நடுவுலவன் மண்ணத் திங்கறான், தெரியுமா உனக்கு? நெசமாலுமே மண்ணு. நீதான அடுப்ப எண்ணச் சொன்னே? எனக்கு இன்னொரு அடுப்பக் குடு."

"அவ சாகட்டுமுங்களாண்ணா?"

"எல்லாரும் சாகறாங்களா? நீ சாகல, என் பொண்டாட்டி சாகல. மாட்டேன்னா மந்தையில சொல்லு. நீ மொறைய மறுத்தேன்னு எல்லாரும் கேக்கட்டும்."

மந்தையில் மறுத்தால் ஊரை விட்டு விலக்குவார்கள். விலக்கிய அடுப்புக்குப் பட்டை கிடையாது. காளியண்ணன் கொட்டாய் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். ராசப்பன் போன பிறகு ஒன்றே ஒன்று சொன்னான்: "நீ முடிச்சுப் போட்ட. நீயே அவுக்கோணும் ருக்கு."

சித்திரை. மறுபடி மந்தை. இதோ, நான் முதலில் சொன்ன இடம் வந்துவிட்டது.

குப்புசாமி கழியை ஊன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூணு கல்லு வெச்ச எடமெல்லாம் அடுப்புங்கறாங்க. கயிறு எண்ணுன காலத்தவிடப் பட்டை மெலிஞ்சு போச்சு. இதுல எப்படிடா கோடு இழுக்கறது? கொத்துத் திரும்பாது." மொட்டைத் தலையோடு மாணிக்கம் ஓரத்தில் இருந்தார். அவருடைய சம்பந்திக்குக் கிடைக்க வேண்டிய அந்தப் புது அடுப்பு இப்போது அணைந்துபோயிருந்தது.

ருக்குமணி முன்னால் வந்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க ஊர்க்கவுண்டரே, பொண்ணு நல்லா வளந்த பொறகு வெச்ச அடுப்ப மட்டும் எண்ணுங்க."

"வளந்ததுன்னு எவன் சொல்றது? பெத்தவன் வளந்துருச்சும்பான், நீ இல்லைம்பே. நான் அளக்கற கழியில அது வராது அம்மிணி."

ருக்குமணி தன் வாழ்நாளிலேயே பெரிய வார்த்தையைச் சொன்னாள். "அப்படின்னா இன்னைக்கோட நிறுத்துங்க. போன சித்திரையில பட்டை வாங்குன ஊடு எத்தனையோ அத்தனை பங்குதான். இனிமே புதுசாக் கயித்துக்கும் கெடையாது, அடுப்புக்கும் கெடையாது. எத்தனை பெத்தாலும் இருக்கற பங்குலதான். அப்பத்தான் யோசிச்சுப் பெப்பாங்க, யோசிச்சுக் கட்டிக் குடுப்பாங்க."

மந்தை அமைதியாக இருந்தது. குப்புசாமி கழியைத் தடவினார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. நிஜமாகவே யோசித்தார்!

மாதேஸ்வரன் எழுந்தான். போன வருடம் கல்யாணமானவர்களில் கொஞ்சம் வயது வந்தவன். அப்பன் இல்லை, அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவன். இந்தச் சித்திரையில்தான் முதல் பட்டை வாங்க வந்திருந்தான். மதிலுக்குப் பின்னால் அவன் மனைவி வயிற்றில் கை வைத்து நின்றாள்.

"என்ர புள்ளை ஆவணியில பொறக்கும்க்கா" என்றான். கோபமே இல்லாத குரல். "அண்ணனோட பங்குல அவங்களுக்கே பத்தல. என்ர புள்ளைக்கு இந்த மலையில எடமில்லைன்னு என்ர மூஞ்சியப் பாத்து ஒருக்காச் சொல்லீருங்க. நான் உக்காந்துக்கறேன்."

ருக்குமணி அவன் முகத்தைப் பார்த்தாள். மதிலுக்குப் பின்னால் நின்றவளையும் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா."

அவளால் சொல்ல முடியவில்லை.

குப்புசாமி எழுந்து கழியை ஊன்றினார். "போதும். பழைய கணக்கு ஒண்ணு, புதுக் கணக்கு ஒண்ணு. நீ தொடங்குனது, நீயே சொல்லு. கயிறா, அடுப்பா? இதுக்கு மேல இந்தப் பேச்ச மந்தையில எடுக்கப்படாது."

மதில் ஓரத்தில் அத்தாயி நின்றிருந்தாள். பாப்பாத்தியின் பாசிமணி அவள் கழுத்தில் இருந்தது. சாவதற்கு முன்னால் கழற்றிக் கொடுத்தது. சென்னம்மாள் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. ருக்குமணி அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"கயிறுங்க" என்றாள்.

ராசப்பனுக்கு ஆறு பட்டை திரும்பியது. அன்றைக்கே அவன் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு இனி அவசரம் இல்லை. சின்னுசாமி கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, விடுதலையானவன் மாதிரி ஓடினான்.

காளியண்ணன் வாக்கு மாறவில்லை. பாயோடு கொட்டாயிலேயேதான் படுத்தான். ஆனால் ஆடிக் காற்றில் கொட்டாய்க் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. மூன்று பட்டைச் சாமை புரட்டாசிக்கே தீர்ந்துவிட்டது. கடைசிப் பிள்ளை கிழங்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பிப் படுத்துக்கிடந்தான். மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்ற காளியண்ணனை உள்ளே கூப்பிட்டது ருக்குமணிதான். இன்னொரு பட்டை வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. அவள்தான் அந்தக் கணக்கைப் போட்டாள். பால் குடிக்கும்போதே பட்டை வந்துவிடும் அல்லவா?

அடுத்த சித்திரையில் மந்தை கூடுமுன் மாதேஸ்வரனின் மகனுக்குக் கயிறு கட்டினார்கள். ஆவணியில் பிறந்தும் சீக்கு மாற்றி சீக்காக அதுவரை தள்ளிப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த சித்திரையில் காளியண்ணன் மகளுக்கு. அவள் பிறந்தபோது ருக்குமணிக்கு ரத்தம் நிற்கவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்தது அத்தாயி. அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது ராசப்பனின் மனைவி. ஆமாம், சட்டி வழித்த அதே அண்ணிதான், இதற்குள் ஏழாவது கயிறும் கட்டியாயிற்று. சென்னம்மாள் கோயில் பக்கமே வரவில்லை.

குப்புசாமி சொன்ன சொல் தவறாமல் நான்காவது பட்டையை அளந்து கொடுத்தார். ஊரே கலைந்த பிறகு காளியண்ணன் அதன் குறுக்கே மல்லாந்து படுத்துப் பார்த்தான். தலை மேற்குப் பட்டையில் இருந்தது, கால் கிழக்குப் பட்டையில். அவன் பட்டையில் இடுப்பு மட்டும்தான் கிடந்தது.

எனக்கு அந்த இரண்டாம் மந்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்களே, அந்தக் கொஞ்ச நேரம். மாதேஸ்வரன் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் குப்புசாமி சரி என்றிருப்பார், எனக்கு நிச்சயம். ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? நீங்கள் சொல்லுங்கள், அன்றைக்கு அங்கே ருக்குமணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால், அவன் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பீர்களா?